சறுக்குமரத்துக்குப் பின்னால் நிற்கும் மரம்: சின்னப் பிள்ளைகளோடு விளையாட்டுத் திடலில் இயற்கையைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அடுக்குமாடி வீட்டு புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலில் ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், ஏறி விளையாடக் கயிற்று வலை, தரையில் ரப்பர் விரிப்பு. சிங்கப்பூரில் எந்த வட்டாரத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதே சாமான்கள்தான். "இங்கே இயற்கையைப் பார்க்க என்ன இருக்கு அத்தை? பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனாத்தானே?" என்று என் மருமகள் கேட்டாள். அவளைத் திடலின் ஓரத்துக்கு அழைத்துப்போய், ரப்பர் தரை முடிந்து புல் தொடங்கும் இடத்தில் உட்காரவைத்தேன். ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அதற்குள் எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. தொட்டாற்சிணுங்கி படர்ந்து ரோஸ் நிறத்தில் இரண்டு பூ வைத்திருந்தது. ஒரு நத்தையின் வெற்று ஓடு கிடந்தது. ஐந்து வயதுப் பேத்தி அதற்குள் அங்கே குந்திவிட்டாள். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பாலர் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தேன். இப்போது பேத்தியும் இரண்டரை வயதுப் பேரனும் என் பொறுப்பு. இரண்டு முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மா அப்பாவுக்கும், தாத்தா பாட்டிக்கும் இதை எழுதுகிறேன். என் அனுபவத்தில் இரண்டு விஷயங்கள் உறுதியாகத் தெரியும். ஒன்று, பத்து இடத்துக்கு ஒருமுறை போவதைவிட ஒரே இடத்துக்குப் பத்துமுறை போவது சின்னப் பிள்ளைக்கு அதிகம் தரும். இன்னொன்று, பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பெயரே பாதிப் பாடத்தை நடத்திவிடும். தூங்குமூஞ்சி, தொட்டாற்சிணுங்கி, மீன்கொத்தி, தேன்சிட்டு: ஒவ்வொன்றும் அது என்ன செய்யும் என்பதைத் தானே சொல்லிவிடுகிறது.

முதலில் நீங்கள் தனியாகப் போய் வாருங்கள்

பிள்ளை இல்லாமல் இருபது நிமிடம் போதும். திடலைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடங்கள். விளையாட்டுச் சாமான்களை விட்டுவிடுங்கள், ஓரங்களைப் பாருங்கள். மண்ணும் தரையும் சேரும் இடம், மரத்தடியின் வேர்மேடு, செம்பருத்தியோ இட்லிப்பூவோ நட்ட வேலி, மழைநீர் வடியும் சாக்கடையின் மூடி, எப்போதும் ஈரமாக இருக்கும் நிழல் மூலை. இவற்றில் மூன்றைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு மாதத்துக்கு வேலை இருக்கிறது.

அந்த நடையிலேயே ஆபத்துகளையும் பார்த்துவிடுங்கள். மூடியில்லாத சாக்கடை, உடைந்த கண்ணாடி, குளவிக்கூடு. இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து மாதிரி ஏதாவது கிளையில் தொங்கினால் அது முயிறு கட்டிய கூடு. இங்கே பலர் 'கெரெங்கா' என்ற மலாய்ப் பெயரால்தான் சொல்வார்கள். கடித்தால் சுளீரென்று இருக்கும். அந்தக் கிளையிலிருந்து நாலடி தள்ளி நின்று பார்ப்பது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

என்ன மரம் என்று தெரியாவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் ட்ரீஸ்.எஸ்ஜி இணைய வரைபடத்தைத் திறந்து உங்கள் இடத்துக்குப் போங்கள். 2018-இல் வந்தது. தீவில் உள்ள 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அதில் புள்ளிகளாக இருக்கின்றன. புள்ளியைத் தொட்டால் மரத்தின் பெயர் வரும். உங்கள் சறுக்குமரத்துக்குப் பின்னால் நிற்கும் மரமும் அநேகமாக அதில் இருக்கும். தமிழ்ப் பெயரை மட்டும் நீங்கள் தேடிக்கொள்ள வேண்டும்.

எப்போது போவது, என்ன எடுத்துப்போவது

இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் 7 மணியை ஒட்டி எழுந்து 7 மணியை ஒட்டி இறங்குகிறது. காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை நல்ல நேரம். மாலையில் ஐந்தரைக்குப் பிறகு. நடுப்பகலில் ரப்பர் தரையும் சறுக்குமரமும் கொதிக்கும், எறும்புகூட நிழலுக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் வாரத்தில் ஒரு காலை, ஒரு மாலை. ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம். அதற்கு மேல் இழுக்காதீர்கள். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று பிள்ளை கெஞ்சும்போதே கிளம்பினால் அடுத்த முறை அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

பையில் அதிகம் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி, வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி, தண்ணீர் போத்தல், ஈரத்துணி, கொசு மருந்து. வெள்ளை மூடி எதற்கு என்றால், விழுந்த இலையையோ விதையையோ அதில் வைத்தால் அதன் மேல் ஊரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் தெரியும். பூதக்கண்ணாடியைச் சூரியனை நோக்கிப் பிடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூடிய காலணி போடுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதனால் காலைதானே என்று மருந்தைத் தடவாமல் விட்டுவிடாதீர்கள்.

இடி முழக்கம் கேட்டால் ஆட்டம் அப்படியே நிற்க வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. நேராகப் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள். இதை விளையாட்டாகவே பழக்கிவிட்டேன். நான் "இடி!" என்றால் இரண்டு பேரும் கீழ்த்தளத் தூணைத் தொட ஓடுவார்கள்.

ஒரு மரத்தை 'நம்ம மரம்' ஆக்குங்கள்

முதல் நாள் இதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டாம். மூன்று மரம் இருந்தால் எது 'நம்ம மரம்' என்று பிள்ளையே சொல்லட்டும். பெரியவர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் மரத்தை அது எடுக்காது, பரவாயில்லை. என் பேரன் எடுத்தது வேரில் ஒரு பள்ளம் இருந்த மரத்தை. அந்தப் பள்ளத்தில் அவன் பாதம் சரியாகப் பொருந்தியது, அதற்காகத்தான்.

அப்புறம் அந்த மரத்தை உடம்பால் தெரிந்துகொள்ளட்டும். பட்டையில் கன்னத்தை வைக்கட்டும். கையைக் கோத்துக் கட்டிப்பிடிக்கட்டும், எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணட்டும். தாளை மரத்தின்மேல் வைத்து வண்ண மெழுகுக்கோலால் தேய்த்தால் பட்டையின் கோடுகள் அப்படியே வந்துவிடும். தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் திடலில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் அதிர்ஷ்டம். குடை விரித்தாற்போல் நிற்கும் பெரிய மரம், விரைவுச்சாலை ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து 1876-இல் இங்கே கொண்டுவரப்பட்டது. மாலை ஆறு மணிக்கு அதன் கீழே ஒரு பாயை விரித்து, பிள்ளையோடு மல்லாந்து படுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. இலைகள் வானத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி பாருங்கள்: இலைகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரியும். சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பி, கீழே சரிந்திருக்கும். இருட்டும் நேரத்தில் மரம் பாதியாக இளைத்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

"பாட்டி, மரத்துக்குத் தூக்கம் வந்துடுச்சா?" என்றாள் பேத்தி. பெயரை நான் அதுவரை சொல்லவில்லை. அவள் கேட்ட பிறகுதான் சொன்னேன்: "ஆமாடா, அதனாலதான் இது தூங்குமூஞ்சி மரம்." அவளுக்கு வந்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மழை மேகம் கூடினாலும் இலைகள் இப்படியே மடியும். மடிந்த இலைகளின் இடுக்கு வழியாக மழை நேராகத் தரைக்கு இறங்கும்.

ஏன் மடிகிறது என்று கேட்டால் ஐந்து வயதுக்கு இப்படிச் சொல்லலாம். இலையின் அடியில் ஒரு சின்ன முட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு பக்கத்துத் தண்ணீர் வெளியேறினால் அந்தப் பக்கம் தொய்ந்து இலை மடியும். தண்ணீர் திரும்ப வந்தால் விரியும். தொட்டாற்சிணுங்கியிலும் இதே வேலைதான் நடக்கிறது, இரண்டும் ஒரே குடும்பம். அதனால் அடுத்த நாள் புல்லோரத்துத் தொட்டாற்சிணுங்கியிடம் போங்கள். ஒரு விரலால் மெல்லத் தொட்டுவிட்டு, மறுபடி விரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காத்திருங்கள். பல நிமிடம் ஆகும். சின்னப் பிள்ளை பொறுமையாகக் காத்திருந்து நான் அதிகம் பார்த்த இடம் அதுதான். தண்டில் முள் உண்டு, இலையை மட்டும் தொடச் சொல்லுங்கள்.

தூங்குமூஞ்சி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். நாட்டு வாதுமை இருந்தால் அதன் உள்ளங்கையைவிடப் பெரிய இலை பச்சையிலிருந்து செக்கச்செவேலென்று மாறி உதிரும். விசிறியாகும், தட்டாகும், முகமூடியாகும். அங்சானா இருந்தால், நம் குறிஞ்சிப் பாட்டுகளில் வரும் வேங்கையின் உறவுக்கார மரம் அது. ஒரே நாளில் மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து, சீக்கிரமே தரையெல்லாம் மஞ்சள் பாய் விரித்துவிடும். துடைப்பக்காரர் வருவதற்குள் காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

எறும்புக்கு ஒரு முழு நாள்

பல பெற்றோர் எறும்பைப் பார்த்ததும் "தள்ளி வா, கடிக்கும்" என்பார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. திடலில் எந்த நாளும், எந்த நேரமும் தவறாமல் கிடைப்பது எறும்பு ஒன்றுதான். பிள்ளையின் கண்ணுக்கும் தரைக்கும் தூரம் குறைவு, நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

சாரியைக் கண்டுபிடித்ததும் பக்கத்தில் குந்துங்கள், பாதையில் காலை வைக்காமல். முதலில் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இரண்டு பக்கமும் தொடர்ந்து போய்ப் பார்க்கட்டும். ஒரு முனையில் புற்றோ வெடிப்போ இருக்கும். மறுமுனையில் யாரோ சிந்திய பிஸ்கட்டோ செத்த பூச்சியோ இருக்கும். எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் நின்று மீசையால் ஒன்றையொன்று தடவிவிட்டுப் போவதைப் பூதக்கண்ணாடியில் காட்டுங்கள்.

இப்போது நீங்கள் சாரியின் குறுக்கே, எறும்பு இல்லாத ஒரு நொடியில், விரலை அழுத்தி ஒரு கோடு இழுங்கள். அடுத்து வரும் எறும்பு அந்த இடத்தில் தடுமாறும். முன்னே போகாது, பின்னே போகும், பக்கத்தில் சுற்றும். இரண்டு மூன்று நாலு என்று கூட்டம் சேரும். கடைசியில் ஒன்று எப்படியோ தாண்டும், மற்றவை பின்தொடரும், சாரி மறுபடி கூடும். எறும்பு தரையில் மணம் தடவிக்கொண்டு போகிறது, நாம் அந்த மணத்தை அழித்துவிட்டோம். பேத்தியிடம் "நம்ம எம்ஆர்டி ரயில் பாதையில ஒரு நிலையத்தை மூடிட்ட மாதிரி" என்றேன். உடனே புரிந்துகொண்டாள். ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம். அதுகளுக்கும் வேலை இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நம் வாசல் கோலத்தைப் பற்றிச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். அரிசி மாவில் கோலம் போட்டது எறும்புக்கும் சாப்பாடு போடத்தான் என்று என் பாட்டி எனக்குச் சொன்னதை நான் இவர்களுக்குச் சொன்னேன்.

தரையில் கிடப்பவை

பிள்ளைகளுக்குப் பொறுக்கப் பிடிக்கும். பூ, இலை, காய் எதையும் செடியிலிருந்து பறிக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். பூங்காக்களில் அது சட்டப்படியும் தவறு. விழுந்தவற்றை வைத்து அங்கேயே விளையாடலாம், நிறவாரியாக அடுக்கலாம், கோலம் போடலாம், பிறகு அங்கேயே விட்டுவிட்டு வரலாம். முதல் இரண்டு வாரம் அழுகை வரும். மறுவாரம் போகும்போது தாங்கள் அடுக்கியது என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடுவார்கள்.

ஆனைக்குன்றிமணி மரம் இருக்கும் திடல் என்றால் சிவப்பு விதைகள் புல்லுக்குள் மின்னும். இங்கே 'சாகா' என்பார்கள். முறுக்கிக்கொண்ட நெற்றையும் தேடுங்கள், அது வெடித்துச் சுருண்டுதான் விதையை வெளியே விடும். நம் ஊரில் இதற்கு மஞ்சாடி என்றும் பெயர். தங்கம் நிறுக்கும் கணக்கில் இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி. பொற்கொல்லர் தராசில் இருந்த விதை, பேத்தியின் உள்ளங்கையில்.

ஆனால் கவனம். என் பேரன் ஒரு விதையை மூக்கில் போட்டுக்கொண்டான். மருத்துவர் எடுத்துக் கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விதை என் உள்ளங்கையில் மட்டும்தான். கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதையைக் கண்டால் அது உண்மையான குன்றிமணி, கடும் விஷம், தொடவே விடாதீர்கள். முழுக்கச் சிவப்பாக இருப்பதுதான் ஆனைக்குன்றிமணி. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். பால் வடியும் செடிகளும் அப்படித்தான், முக்கியமாக எருக்கும் அரளியும். முடி வைத்த கம்பளிப்பூச்சியைக் கண்ணால் மட்டும் பார்க்கலாம்.

காதுக்கு வேலை

இதற்குச் சாமான் எதுவும் வேண்டாம். இரண்டு பேரும் கண்ணை மூடி உட்காருங்கள், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்குங்கள். முதலில் லாரியும் புல்வெட்டியும்தான் கேட்கும். கொஞ்சம் பொறுத்தால் அதன் பின்னால் இருப்பது வரும்.

விடியற்காலையில் 'குவூ... குவூ...' என்று ஏறிக்கொண்டே போகும் குரல் குயில். கறுப்பு உடம்பு, சிவப்புக் கண் இருந்தால் ஆண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். குயில் காக்கைக் கூட்டில் முட்டை இடும் கதையைச் சொல்லுங்கள், அதோடு இந்த மண்ணின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். வீட்டுக் காக்கை இந்தப் பக்கத்துப் பறவையே அல்ல. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள், நூறாண்டுக்கு மேல் ஆகிறது. காக்கை பெருகியது. அதன் கூட்டை நம்பிக் குயிலும் பெருகியது. இன்று நம்மை அலாரம் இல்லாமல் எழுப்புகிறது.

திடலில் தத்தித் தத்தி நடப்பது பெரும்பாலும் ஜாவா மைனா: சாம்பல் கறுப்பு உடம்பு, மஞ்சள் அலகு, நெற்றியில் ஒரு சின்னக் கொத்து முடி. இட்லிப்பூ வேலியில் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் வயிற்றோடு ஒன்று தலைகீழாகத் தொங்கினால் தேன்சிட்டு. புளோக்கின் தாழ்வாரத்துத் தொட்டிச் செடியில்கூடச் சுருக்குப்பை மாதிரிக் கூடு கட்டும். அப்படிக் கட்டினால் குஞ்சு பறக்கும்வரை அந்தச் செடியை நகர்த்தாதீர்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காக்கைக்குச் சோறு வைப்பது நம் வீட்டுப் பழக்கம். பிள்ளைகளுக்குப் புறாவுக்கு ரொட்டி போடவும் ஆசை வரும். இங்கே அதைச் செய்யக் கூடாது. 2020 ஜூன் முதல் காட்டு விலங்குக்கோ பறவைக்கோ தீனி போட்டால் முதல் முறை 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரையும், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம். பிள்ளையிடம் அபராதத்தைச் சொல்லிப் பயனில்லை. "நாம குடுத்துட்டே இருந்தா அதுக்குத் தானா தேடத் தெரியாமப் போயிடும், அதோட அம்மா சொல்லிக் குடுத்ததை மறந்துடும்" என்றேன். ஏற்றுக்கொண்டார்கள்.

மழை விட்டதும்

ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் மழை பெய்யும் ஊரில் மழைக்காக வீட்டுக்குள்ளேயே இருந்தால் பாதி ஆண்டு போய்விடும். மழை பெய்யும்போது கீழ்த்தளத்தில் நின்று பாருங்கள். விட்டு, இடியும் அடங்கி அரை மணி கழிந்ததும் இறங்குங்கள். மண்வாசனையைப் பெயர் சொல்லி முகரவையுங்கள். மண்புழு தரைக்கு வந்திருக்கும், நத்தை சுவரில் ஏறும், மரத்தடியில் காளான் முளைத்திருக்கும். காளானைத் தொட வேண்டாம். பெரிய ஆப்பிரிக்க நத்தையையும் தொட வேண்டாம், அதன் உடம்பில் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணி இருக்கலாம். அது போன தடம் வெள்ளிக் கோடாக மின்னுவதைப் பின்தொடர்ந்து போகலாம், அது போதும். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவதைத் தவறவிடாதீர்கள்.

யாரோ வீசிய பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் வெள்ளை மூடியில் ஊற்றிப் பாருங்கள். கொசுப்புழு நெளிந்தால் பிள்ளை கண்ணை விரித்துப் பார்க்கும். பார்த்த பிறகு காய்ந்த தரையில் கொட்டிவிட்டுக் குவளையைக் குப்பைத் தொட்டியில் போடும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்கள்.

எவ்வளவு பேசுவது

கம்மியாக. பாலர் பள்ளியில் நான் கற்றுக்கொள்ளப் பல ஆண்டு எடுத்தது இதுதான். பிள்ளை குந்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "அது என்ன நிறம்? எத்தனை கால்? தமிழ்ல சொல்லு" என்று கேட்டால் அது நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும். பூச்சி போய்விடும். சும்மா பக்கத்தில் குந்துங்கள். அது திரும்பி ஏதாவது சொன்னால், அது சொன்னதையே இன்னும் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "பூச்சி போகுது" என்றால், "ஆமா, பூச்சி ஊர்ந்து போகுது." ஊர்வது, தத்துவது, நெளிவது, படர்வது, உதிர்வது: வீட்டுக்குள் இந்தச் சொற்களுக்கு எங்கே வேலை இருக்கிறது? திடலில்தான் இருக்கிறது.

இரண்டு வயதில் தொடுவதும் போட்டு எடுப்பதும்தான் படிப்பு. ஒரே குச்சியை அரை மணி நேரம் சாக்கடை மூடியின் ஓட்டையில் விட்டு எடுப்பான். விடுங்கள். நாலு வயதில் 'ஏன்' வரும். உங்களுக்குத் தெரியாவிட்டால் "நாளைக்கும் வந்து பார்ப்போமா?" என்பது நல்ல பதில். ஐந்து, ஆறில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அன்று பார்த்ததில் ஒன்றை வரையட்டும், பெயரை நீங்கள் தமிழில் எழுதிக் கொடுங்கள், அதன் மேல் அது எழுதட்டும். பயப்படும் பிள்ளையைத் தொடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பதும் பார்ப்பதுதான்.

கறிவேப்பிலைத் தொட்டி

திடலில் பார்த்த பட்டாம்பூச்சியை வீட்டு வாசலுக்கே வரவழைக்க முடியும். நம் தாழ்வாரங்களில் கறிவேப்பிலைத் தொட்டி இல்லாத வீடு குறைவு. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம், அதில் முட்டையிடும் கறுப்புப் பட்டாம்பூச்சி வகைகள் இங்கே உண்டு. தளிரின் மேல் கடுகைவிடச் சின்னதாக வெளிர்மஞ்சள் மணி ஒன்று ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை.

சில நாளில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கும். தட்டிவிடாதீர்கள், எச்சம்போல் இருப்பதே அதன் தந்திரம். பறவை அதைச் சாப்பாடாக நினைக்காது. தின்று தின்று தோலை உரித்துக்கொண்டே போய்க் கடைசியில் தளிர்ப்பச்சையாகிவிடும். அப்போது ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பு இரண்டு சட்டென்று நீண்டு ஒரு வாடை அடிக்கும். என் பேரன் ஒரு வாரம் அதைப் போலவே தலையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான். பிறகு தண்டில் இடுப்பு நூல் கட்டித் தொங்கிக் கூட்டுப்புழு ஆகும். முட்டையிலிருந்து பறப்பதுவரை ஏறக்குறைய ஒரு மாதம்.

கடையில் புதிதாக வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கலாம், புழு செத்துப்போகும். செடி சில மாதம் வளர்ந்த பிறகு அதில் புழுவை விடுங்கள். புழுவோடு இருக்கும் செடியிலிருந்து இலை பறிப்பதை அந்த மாதம் நிறுத்தி, ரசத்துக்குத் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி, தொட்டியை அதற்கேற்ப ஓரமாக வையுங்கள்.

கொஞ்சம் தள்ளிப் போக ஆசை வந்தால்

இரண்டு மூன்று மாதம் கழித்து, பிள்ளைக்கு நம்ம மரம் பழகிய பிறகு, வேறு இடம் காட்டலாம். தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் 2007-இல் திறந்தது, கட்டணம் இல்லை. ஹோர்ட்பார்க்கில் இயற்கை விளையாட்டுத் தோட்டம் ஒன்று இருக்கிறது, மரக்கட்டை, மண், கல், தண்ணீர் எல்லாம் உண்டு. பழைய மணல் திடல் எப்படி இருந்தது என்று காட்ட வேண்டுமானால் தோ பாயோ 6-ஆம் லோரோங்கில் 1979-இல் கட்டிய டிராகன் திடலுக்குப் போங்கள், இன்னும் மணல்தான். பிற திடல்களில் மணல் போய் ரப்பர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த மணலில் கையை விட்டுத் துழாவுவதே பெரிய சந்தோஷம். இவற்றைவிடப் பக்கத்தில், உங்கள் வட்டாரத்திலேயே குடியிருப்பாளர்கள் பயிரிடும் சமூகத் தோட்டம் இருக்கலாம். முருங்கையும் வெண்டையும் போட்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும்.

ஒன்பதாம் நாள்

வயதான தூங்குமூஞ்சி மரக் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். பறவைக்கூடு போன்ற பெரணிகளுக்கு நடுவே, ஒல்லியான குச்சிகளாகத் தொங்கும் ஒரு செடி இருக்கும். புறா ஆர்க்கிட். சாதாரண நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கனமழை பெய்து வெப்பம் திடீரென்று இறங்கினால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாச் செடியும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும். நல்ல மணம் இருக்கும். ஒரு நாள்தான், அடுத்த நாள் வாடிவிடும்.

அதனால் அடுத்த பெருமழை கொட்டி, உடம்பு சிலிர்க்கும் அளவுக்குக் காற்று குளிர்ந்தால், நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பிள்ளையையே வட்டமிடச் சொல்லுங்கள். தினம் ஒரு கட்டத்தை அடிக்கட்டும். ஒன்பதாம் நாள் பாலர் பள்ளிக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் முன்னதாக இறங்குங்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் இப்போது ஆறு கட்டம் அடித்தாகிவிட்டது.